வந்தது, நின்றது, மறுபடியும் வந்தது... சேலம் விமான நிலையம் யாருக்கு என்ன தந்தது?

சின்ன வயதில் அம்மாபேட்டையிலிருந்து தர்மபுரியில் இருக்கும் அத்தை வீட்டுக்கு பஸ்ஸில் போவோம். ஓமலூர் தாண்டியதும் பெரியப்பா என் தோளைத் தட்டி ஜன்னல் பக்கம் கைகாட்டுவார். "அங்க பாரு கண்ணு, ஏரோப்ளேன் நிக்கிற இடம்!" நானும் தம்பியும் மூக்கு நசுங்க எட்டிப் பார்ப்போம். போர்டு தெரியும், வேலி தெரியும், தூரத்தில் வெறிச்சோடிய நிலம் தெரியும். ஏரோப்ளேன் மட்டும் ஒரு நாளும் நின்றதில்லை.

அது காமலாபுரம். சேலத்திலிருந்து பெங்களூரு போகும் ஹைவேயில், ஓமலூரை அடுத்து இருக்கும் ஊர். சேலம் விமான நிலையம் இங்கேதான் இருக்கிறது. 1993-ல் திறக்கப்பட்டது. என் வயதைவிட அதற்கு வயது அதிகம். ஆனால், தொடர்ந்து விமானம் பறந்த காலத்தைக் கூட்டினால் பத்து வருடங்கள்கூடத் தேறாது.

"ஏர்போர்ட் வந்தால் ஊர் வளரும்" என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். ஹோட்டல் வரும், சுற்றுலா வரும், கம்பெனி வரும், வேலை வரும் என்ற வரிசை நமக்கு மனப்பாடம். 30 வருடங்களுக்கு முன்பே ஏர்போர்ட் வந்துவிட்ட ஊர் சேலம். அந்த வரிசையில் எது வந்தது, எது வரவில்லை என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் கிடைக்காது.

நான்கு முறை தொடங்கிய கதை

90-களில் என்.இ.பி.சி. என்ற சென்னை நிறுவனம் கொஞ்ச காலம் சின்ன விமானங்களை இங்கே இயக்கியது. சில மாதங்களில் சேவை நின்றது, பிறகு அந்த நிறுவனமே காணாமல் போனது. அதற்கப்புறம் நீண்ட தூக்கம். நாங்கள் பஸ் ஜன்னலில் மூக்கு நசுங்கியது அந்தக் காலத்தில்தான்.

2009 நவம்பரில் கிங்ஃபிஷர் வந்தது. சேலம் - சென்னை ஏ.டி.ஆர். விமானம். அப்போது ஊரே பேசியது. ஆனால் கிங்ஃபிஷரின் கடன் கதை உங்களுக்கே தெரியும். 2012 அக்டோபரில் அந்த நிறுவனம் மொத்தமாகவே தரையிறங்கிவிட்டது. அதற்கு முன்பே சேலம் சேவையை நிறுத்தியிருந்தார்கள்.

மூன்றாவது முயற்சி 'உடான்' திட்டத்தில். 2018 மார்ச் 25 அன்று ட்ரூஜெட் நிறுவனத்தின் சென்னை - சேலம் விமானத்தை அப்போதைய முதல்வர் எடப்பாடி கே. பழனிசாமி தொடங்கி வைத்தார். முதல்வரின் சொந்த மாவட்டம் என்பதால் விழா தடபுடலாகவே நடந்தது. 2020-ல் கொரோனா வந்து நாட்டில் எல்லா விமானங்களும் நின்றன. மறுபடி பறந்தார்கள். 2021-ல் ட்ரூஜெட்டும் நின்றது.

நான்காவது முறை 2023 அக்டோபர். அலையன்ஸ் ஏர் பெங்களூரு, கொச்சிக்கும், இண்டிகோ சென்னை, ஐதராபாத்துக்கும் சேவை தொடங்கின. ஒரே மாதத்தில் இரண்டு நிறுவனங்கள், நான்கு நகரங்கள்! காமலாபுரம் இதுவரை பார்த்திராத கூட்டம் அது.

இப்படி விட்டு விட்டு வருவதில் பெரிய நஷ்டம் யாருக்கு என்றால், நம்பி முதலீடு போட்டவர்களுக்குத்தான். ஒருவர் விமானப் பயணிகளை நம்பி பேங்க் லோனில் கார் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லோன் தவணை ஐந்து வருடம் ஓடும். விமானம் மூன்று வருடம்தான் ஓடும் என்றால், மீதி இரண்டு வருடத் தவணையை யார் கட்டுவது? ஹோட்டல் கட்டுகிறவருக்கும் டூர் பேக்கேஜ் போடுகிறவருக்கும் இதே கணக்குதான். வந்து நிற்காமல் போகும் விமானத்தை நம்பி எந்தத் தொழிலும் வேர் பிடிக்காது.

மூன்று வருடக் கணக்கு

ஏன் நிற்பதில்லை? கொஞ்சம் 'உடான்' கணக்கைப் பார்த்துவிடலாம். பயப்படாதீர்கள், எளிமையானதுதான்.

சின்ன ஊர்களுக்கு விமானம் ஓட்டினால் நஷ்டம் வரும். அதனால் மத்திய அரசு 2016-ல் ஒரு ஏற்பாடு செய்தது. விமானத்தில் பாதி சீட்டுகளைக் குறைந்த கட்டணத்தில் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரப் பயணத்துக்கு சுமார் 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்துத் தொடங்கினார்கள். அதனால் வரும் நஷ்டத்தை அரசு ஈடுகட்டும். அதில் ஐந்தில் ஒரு பங்கு மாநில அரசுடையது. மீதிப் பணம் டெல்லி, மும்பை போன்ற பெரிய வழித்தடங்களில் பறக்கும் விமானங்களிடம் வசூலிக்கும் தொகையிலிருந்து வருகிறது. போலீஸ் பாதுகாப்பும் தீயணைப்பு வண்டியும் மாநில அரசு இலவசமாகத் தர வேண்டும். விமான எரிபொருளுக்கு வரியிலும் பெரிய சலுகை உண்டு.

இந்த ஈட்டுத் தொகை மூன்று வருடம்தான். அதற்குள் வழித்தடம் சொந்தக் காலில் நிற்கப் பழகிவிடும் என்பது திட்டம் போட்டவர்களின் நம்பிக்கை.

பழகியதா? மத்திய தணிக்கைத் துறையான சி.ஏ.ஜி. 2023 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையில் பதில் இருக்கிறது. உடானின் முதல் மூன்று சுற்றுகளில் 774 வழித்தடங்கள் கொடுக்கப்பட்டன. அதில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-ல் மூன்று வருடத்தை முழுதாக முடித்தவை 112. மூன்று வருடம் முடிந்த பிறகும் 2023 மார்ச்சில் பறந்துகொண்டிருந்தவை வெறும் 54.

774-ல் 54! கிட்டத்தட்ட நூற்றுக்கு ஏழு.

ஆக, இது சேலத்தின் ராசி மட்டும் இல்லை. நம் மாநிலத்திலேயே நெய்வேலியும் வேலூரும் உடான் பட்டியலில் இருந்துகொண்டு முதல் விமானத்துக்காக வருடக்கணக்கில் காத்துக் கிடந்தன. அந்த வகையில் சேலம் கொடுத்து வைத்த ஊர்.

இப்போது தேதிகளைக் கவனியுங்கள். ட்ரூஜெட் தொடங்கியது 2018 மார்ச். மூன்று வருடம் கூட்டினால் 2021. நின்றதும் அதே 2021-ல்தான். கொரோனாவும் அந்த நிறுவனத்தின் பணக் கஷ்டமும் சேர்ந்துகொண்டன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த மூன்று வருடக் கணக்கு கண்ணை உறுத்துகிறது. 2023 அக்டோபரில் தொடங்கிய உடான் வழித்தடங்களுக்கு அந்தக் கெடு 2026 அக்டோபர்.

ஏற்காட்டுக்கு யார் பறந்து வருவார்?

சுற்றுலாவுக்கு வருவோம். சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டங்களையும் சேர்த்து வைத்தால் பார்ப்பதற்கு இடமா இல்லை? 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. காபித் தோட்டம், படகு, லேடீஸ் சீட், மே மாதக் கோடை விழா. அந்தப் பக்கம் 70 வளைவுகள் சுற்றினால் கொல்லிமலை, அங்கே ஆகாய கங்கை. காமலாபுரத்தை ஒட்டி என்று பார்த்தால் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலின் கல் வேலைப்பாடு, அதைத் தாண்டினால் 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணை. நாமக்கல்லில் ஒரே கல்லில் குடைந்த நரசிம்மர் கோயில், எதிரே கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயர். திருச்செங்கோடு மலையில் அர்த்தநாரீஸ்வரர்.

ஆனால், ஏற்காட்டில் ஒரு சனிக்கிழமை ஏரிக்கரையில் நின்று கார் நம்பர் ப்ளேட்டுகளைப் பாருங்கள். 'கே.ஏ.' என்று ஆரம்பிப்பவை வரிசையாக நிற்கும். பெங்களூருக்காரர்களுக்கு ஏற்காடு நாலு, ஐந்து மணி நேர டிரைவ். குழந்தைகளையும் மூட்டை முடிச்சுகளையும் காரில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மலையேறியதும் சுற்றிப் பார்க்கவும் அதே கார். அவர்களை விமானத்தில் ஏற்றுவது நடக்காத காரியம்.

சென்னைக்காரர்கள்? அவர்களுக்கு இப்போது வந்தே பாரத் இருக்கிறது. 2023 ஏப்ரல் 8-ம் தேதி தொடங்கிய சென்னை - கோவை வந்தே பாரத் சுமார் மூன்றரை மணி நேரத்தில் சேலம் ஜங்ஷனில் இறக்கிவிடுகிறது. விமானம் வானத்தில் இருப்பது ஒரு மணி நேரம்தான். ஆனால் மீனம்பாக்கத்துக்குப் போக ஒரு மணி நேரம், அங்கே செக்-இன், செக்யூரிட்டி என்று ஒரு மணி நேரம், காமலாபுரத்தில் இறங்கி ஊருக்குள் வர அரை மணி நேரத்துக்கு மேல். கூட்டிப் பார்த்தால் அதே மூன்றரை மணி நேரம்! போதாததற்கு எட்டுப் பெட்டி வந்தே பாரத்தில் 500 பேருக்கு மேல் உட்காரலாம். இண்டிகோவின் ஏ.டி.ஆரில் 78 சீட். தினமும் நிறைந்து வந்தால்கூட வருடத்துக்கு 28,470 பேர்தான் இறங்குவார்கள். ஒரு விமானத்தை நம்பி சுற்றுலாப் புரட்சி என்று பேசுகிறவர்கள் இந்தப் பெருக்கலை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

அப்படியானால் விமானத்தில் வரக்கூடியவர் யார்? என் கணிப்பில் ஐதராபாத்காரர். ரயிலில் ஓர் இரவைத் தாண்டியும் உட்கார்ந்து வர வேண்டிய தூரம். விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரம். அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஒரு பக்கம், மலையும் கோயிலும் பார்க்க வருகிறவர்கள் இன்னொரு பக்கம். எங்கள் பெரியப்பாவே 70 வயதுக்கு மேல் முதல் முறையாக விமானம் ஏறியது, ஐதராபாத்தில் பேத்தி பிறந்ததைப் பார்க்கத்தான். டிக்கெட்டைக் கையில் கொடுத்ததும் அவர் கேட்ட கேள்வி: "போறது சரி கண்ணு, திரும்பி வர்றப்ப இந்த ப்ளேன் ஓடிட்டு இருக்குமா?"

சிரித்தோம். ஆனால் 30 வருடமாகக் காமலாபுரத்தைப் பார்த்தவரின் நியாயமான கேள்வி அது.

பீகாரின் தர்பங்காவில் 2020 நவம்பரில் விமான நிலையம் திறந்தபோது இதேதான் நடந்தது. டெல்லி, மும்பை, பெங்களூருவில் வேலை பார்க்கும் மைதிலி மக்கள் சட்டென்று சீட்டுகளை நிரப்பினார்கள். ஷீரடிக்கு 2017-ல் வந்த விமான நிலையத்தை சாய்பாபா பக்தர்கள் நிரப்பினார்கள். ஓடும் விமான நிலையங்களுக்குப் பின்னால் இப்படி ஏதோ ஒரு கூட்டம் திரும்பத் திரும்பப் போய் வந்துகொண்டிருக்கும். சேலத்துக்கு அந்தக் கூட்டம் எது என்று கண்டுபிடித்து, அதற்கு ஏற்ற நேரத்தில் விமானம் விடுவதுதான் முதல் வேலை. ட்ரூஜெட் தொடங்கியபோது காலை நடுப்பொழுதில் வந்து உடனே திரும்பிவிடும். சென்னையில் ஒரு வேலையை முடித்துவிட்டு அன்றே ஊர் திரும்ப நினைக்கும் வியாபாரிக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

சின்ன விஷயம் ஒன்று. விமானம் இறங்கும் நேரத்துக்குப் பொருத்தமாக காமலாபுரத்திலிருந்து சேலத்துக்கு ஒரு பஸ், ஏற்காட்டுக்கு ஒரு மினி பஸ் என்று விட்டுப் பார்க்கலாம். கோடிக்கணக்கில் செலவில்லாத யோசனை.

சரக்கு லாரியில், முதலாளி விமானத்தில்

சேலத்து ஜவ்வரிசி, ஸ்டீல், நாமக்கல் முட்டை, லாரி பாடி என்று நம் பக்கத்துச் சரக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாமே கனம். முட்டை குளிர்சாதனக் கன்டெய்னரில் ஏறித் துறைமுகத்துக்குப் போய் கப்பலில் வளைகுடா நாடுகளுக்குப் போகிறது. ஏ.டி.ஆர். விமானத்தின் வயிற்றில் இதற்கெல்லாம் இடமில்லை, கட்டுப்படியும் ஆகாது. எடை குறைவு, மதிப்பு அதிகம் என்றால் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசைச் சொல்லலாம்.

ஆனால் அந்தச் சரக்கை விற்கும் மனிதர்கள் ஓயாமல் பயணம் செய்கிறவர்கள். நம் குச்சிக்கிழங்கில் செய்த ஜவ்வரிசிதான் மகாராஷ்டிராவிலும் வட மாநிலங்களிலும் விரத நாள் கிச்சடி. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஏதோ ஒரு வட மாநிலத்தில் இன்றைக்கும் போர் போட்டுக்கொண்டிருக்கும். நாமக்கல் கேஸ் டேங்கர்கள் தென் மாநிலங்கள் முழுக்க ஓடுகின்றன. வண்டி அங்கே மாட்டிக்கொண்டால் முதலாளி ஓட வேண்டும். இப்போது அவர் என்ன செய்கிறார்? காரை எடுத்துக்கொண்டு கோவைக்கோ பெங்களூரு தேவனஹள்ளிக்கோ போகிறார். தேவனஹள்ளி பெங்களூருவுக்கும் வடக்கே இருக்கிறது. நகர டிராஃபிக்கையும் சேர்த்தால் பாதி நாள் அங்கேயே போய்விடும்.

நாமக்கல்காரருக்கு இன்னொரு கணக்கு உண்டு. காமலாபுரம் அவருக்கு வடக்கே 70 கிலோமீட்டர். கிழக்கே திருச்சி 90 கிலோமீட்டர். திருச்சியில் 2024 ஜனவரியில் புது டெர்மினல் திறந்திருக்கிறார்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் என்று நேரடி விமானங்கள் இருக்கின்றன. கொல்லிமலைக்கும் நாமக்கல் ஆஞ்சநேயருக்கும் மலேசியாவிலிருந்து ஒரு குடும்பம் வருகிறதென்றால் அவர்கள் இறங்கப்போவது திருச்சியில்தான். 'சேலம் - நாமக்கல் வளர்ச்சிக்கு விமான நிலையம்' என்று சேர்த்தே பேசுகிறோம். நாமக்கல்லின் பாதி பயணிகள் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

நிலம் கொடுக்கச் சொல்லப்பட்ட நான்கு ஊர்கள்

சேலத்தில் பெரிய விமானம் இறங்கினால் இந்தச் சிக்கலெல்லாம் தீரும் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. இப்போதைய ஓடுபாதை சுமார் 6,000 அடி. ஏ.டி.ஆருக்கு அது தாராளம். ஏர்பஸ் ஏ-320 போன்ற ஜெட் விமானம் முழுப் பாரத்தோடு இறங்கி ஏறுவதற்குப் போதாது. ஜெட் வந்தால்தான் டெல்லி, மும்பைக்கு நேரடியாகப் போகலாம்.

அதற்காகத்தான் விரிவாக்கத் திட்டம். இருக்கும் விமான நிலையம் 136 ஏக்கர். கூடுதலாகக் கேட்கப்பட்டது சுமார் 570 ஏக்கர். காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி என்ற நான்கு ஊர்களின் நிலம். ஏற்கெனவே இருப்பதைப்போல நான்கு மடங்குக்கும் மேல்.

2018-ல் அளவுக் கல் நட வந்தபோது விவசாயிகள் மறித்தார்கள். கிணறும் தென்னையும் பூச்செடியும் வீடும் இருக்கும் நிலம் அது. 'முதல் விமான நிலையம் கட்டியபோதும் இந்தப் பக்கத்தில்தானே எடுத்தீர்கள்' என்பது அவர்களின் வாதம். அதே நேரத்தில்தான் சேலம் - சென்னை எட்டு வழிச்சாலைத் திட்டமும் வந்தது. இரண்டு எதிர்ப்பும் ஒன்றாகக் கலந்தன. அந்த ஜூன் மாதம் நடிகர் மன்சூர் அலிகானும் சூழலியல் செயற்பாட்டாளர் பியூஷ் மானுஷும் கைது செய்யப்பட்டபோது, காமலாபுரம் என்ற பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. விமானம் வாங்கித் தராத விளம்பரத்தைப் போராட்டம் வாங்கித் தந்தது.

நிலத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று வெளியூரிலிருந்து நாம் தீர்ப்பு சொல்வது சுலபம். இழப்பீட்டுத் தொகையை பேங்கில் போட்டால் வட்டி வரும், கிணற்றில் தண்ணீர் வராது என்பது அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. இருக்கும் 6,000 அடியிலேயே விமானத்தைத் தொடர்ந்து பறக்கவிட முடியாத நிலையில், 570 ஏக்கர் கேட்டு ஒரு விவசாயியின் முன் எந்த முகத்தோடு நிற்பது? முதலில் ஐந்தாறு வருடம் இடைவிடாமல் ஓட்டிக் காட்டினால், 'சீட் நிரம்பி வழிகிறது, இடம் போதவில்லை' என்று சொல்ல ஒரு கணக்காவது கையில் இருக்கும்.

இதற்கிடையே 2024 ஜூனில் முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் என்று அறிவித்தார். வருடத்துக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் அளவுக்கு. ஓசூர் சேலத்திலிருந்து இரண்டரை, மூன்று மணி நேர டிரைவ், இதே ஹைவேயில். 'தேவனஹள்ளியைச் சுற்றி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை வேறு விமான நிலையம் கூடாது' என்ற பழைய ஒப்பந்தம் அதற்குக் குறுக்கே நிற்கிறது. அந்தத் தடை நீங்கி ஓசூர் வந்துவிட்டால், டெல்லி போகிற சேலத்துக்காரர் காமலாபுரத்தைத் தாண்டி நேராகப் போய்விடுவார், அன்றைக்கு எங்கள் பஸ் போனதைப்போல. அப்போது சேலத்து ஓடுபாதையை நீட்டுவதற்கான காரணத்தையே புதிதாக எழுத வேண்டியிருக்கும்.

காமலாபுரத்திலிருந்து பறக்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. எந்த நாளில் எந்த ஊருக்கு என்பதை நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். திரும்பி வரும் நாளையும் சேர்த்தே பாருங்கள். பெரியப்பா அப்படித்தான் செய்யச் சொன்னார். அவர் போன ப்ளேனிலேயே பத்து நாள் கழித்துத் திரும்பியும் வந்துவிட்டார்.